ஒன்பதாம் தேதித் தூக்கம்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி கலியனின் வஸ்தியில், அதாவது அவர் இருக்கும் குடிசைக் குடியிருப்பில், திருவிழா. திருவிழா என்றதும் மேளமும் மைக் செட்டும் இருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அன்று காலை அங்கே ஒரு சத்தமும் கேட்காது. சேவல்களை முந்தின நாள் மாலையே கூடையில் அடைத்து, மேலே சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள். பால்காரன் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். காலையில் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது என்பதற்காகப் புளிச்சோறு முதல் நாளே கிளறி மூடி வைத்திருக்கும். பிறகு வஸ்தியே தூங்கும். வெயில் ஏறி, தகரக் கூரை சுட்டு, இனிமேல் முடியாது என்று உடம்பே சொல்லும்வரை தூங்கும். கடைசியாக எழுந்து வெளியே வருகிறவர் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டு எல்லோரும் கைதட்டுவார்கள். திருவிழா அவ்வளவுதான்.

வசதிக்காரர்கள் வாழும் பாணேரில் இருக்கும் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் இதைக் கேள்விப்பட்டு ஒரு வருடம் பேனரோடு வந்தார்கள். பார்கவி என்ற அம்மாள்தான் தலைமை. நிகழ்ச்சியைச் சரியாக எட்டு மணிக்குத் தொடங்கலாமா என்று கேட்டார். தூங்குவதுதான் நிகழ்ச்சி, அது தொடங்கி வெகு நேரமாகிறது என்று கலியன் தாழ்ந்த குரலில் சொன்னார். பாவம், அந்த அம்மாள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வந்த குழந்தைகளுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வாட்ஸப்பில் வாழ்த்து அனுப்புவதோடு சரி.

வஸ்தி இருப்பது மராத்தி பேசுகிற சீமையில், நகர் ரோடு என்ற நெடுஞ்சாலையில், ரஞ்சன்காவ் போகிற வழியில். தருமபுரிப் பக்கத்திலிருந்து கல் உடைக்க வந்த குடும்பங்கள். வந்தவர்கள் என்று சொல்வது தப்பு, கொண்டுவரப்பட்டவர்கள். குவாரியின் முகாதம், அதாவது மேஸ்திரி, ஊருக்கே வந்து கையில் முன்பணம் கொடுத்து லாரியில் ஏற்றினான். அந்த முன்பணத்துக்கு இங்கே உச்சல் என்று பெயர். வாங்கியவர்கள் செத்தாலும் உச்சல் சாகாது, பிள்ளைகள் தலையில் ஏறிக்கொள்ளும். காய்ச்சல் என்றால் உச்சல் ஏறும், குழந்தை பிறந்தால் ஏறும், மருந்து வாங்கினால் ஏறும். அடிமை என்ற வார்த்தையை அங்கே யாரும் சொன்னதில்லை. கணக்கு பாக்கி என்றுதான் சொன்னார்கள்.

அந்தக் குவாரியில் ஒரு வேப்பமரம். அதில் முழ நீளத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. விடிவதற்கு முன் நாலு மணிக்கு அதை அடித்து எல்லோரையும் எழுப்ப வேண்டும். அந்த வேலையை முகாதம் கலியனிடம் கொடுத்தான். கலியன் அப்போது வாலிபர். எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று நினைத்துப் படுக்கிறாரோ அத்தனை மணிக்குக் கண் திறக்கும். கடவுள் சிலருக்குக் குரல் கொடுப்பார், சிலருக்கு அழகு கொடுப்பார். கலியனுக்குக் கொடுத்தது இதைத்தான், அதுவும் அவருக்கே வினையாக முடிந்தது. தண்டவாளத்தில் முதல் அடி விழுந்ததும் குடிசைகளிலிருந்து வசவு கிளம்பும். உன் கை அழுகிப் போக, உன் வீடு விளங்காமல் போக என்று பெண்கள் படுத்த இடத்திலிருந்தே சபிப்பார்கள். அவர் மனைவி மாதம்மாள் மட்டும் சபிக்க மாட்டாள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரே ஒரு நாள், அவள் கேட்டாளே என்று, கொஞ்சம் தாமதமாக அடித்தார். முகாதம் அவர்மேல் கையே வைக்கவில்லை. மற்றவர்களை வரிசையாக நிற்க வைத்து, அவரைப் பார்க்கச் சொல்லி அடித்தான். அதற்குப் பிறகு அவர் தாமதித்ததில்லை.

விடுதலை ஒரு மாலையில் வந்தது. ஜீப்பில் அதிகாரிகளும் போலீசும் வந்து குவாரியை மூடினார்கள். நாளை பிப்ரவரி ஒன்பது, கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்த நாள், உங்களுக்கும் அதுவே விடுதலை நாள் என்று ஓர் அதிகாரி மராத்தியில் பேசினார். பாதிப் பேருக்குப் புரியவில்லை, மீதிப் பேர் நம்பவில்லை. மறுநாள் விடிவதற்கு முன் நாலு மணிக்கு, யாரும் எதையும் அடிக்காமலேயே, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எழுந்து, தைக் குளிரில் குடிசை வாசலில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்போது மாதம்மாள், தவழ்கிற வயதில் இருந்த மகள் தீபாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நான் போயிப் படுத்துக்கறேன்" என்றாள்.

உள்ளே போய்ப் படுத்தும்விட்டாள். மற்றவர்கள் அவள் ஏதோ திருடப் போகிறாள் என்பதுபோல் பயத்தோடு பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். உச்சிவெயில் வரை தூங்கினார்கள். கடைசியாக எழுந்தவளும் மாதம்மாள்தான். அதிகாரிக்காக வாங்கி, அவர் ஜீப்பில் எடுத்துப் போக மறந்த சாமந்தி மாலையை யாரோ விளையாட்டாக அவள் கழுத்தில் போட்டார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு அதைக் கழற்றாமலே புளிச்சோறு சாப்பிட்டாள். அந்தக் காலைதான் வருடா வருடம் திரும்பி வருகிறது.

கலியனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அன்றும் வரவில்லை, பிறகு எந்த ஒன்பதாம் தேதியிலும் வரவில்லை. நாலு மணிக்குக் கண் திறந்தால் மூடாது. அதனால் திருவிழாவுக்கு அவரே காவல். குவாரியை விட்டு வரும்போது தண்டவாளத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பங்கார்காரனிடம் பழைய இரும்பாகப் போட்டால் காசாவது கிடைக்குமே என்றார்கள். இது நம்மிடம் இருக்கிறவரை வேறு எவனும் அடிக்க முடியாதல்லவா என்று அவர் திருப்பிக் கேட்டார். வஸ்தி முனையில் இருந்த வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒன்பதாம் தேதி காலையில் அதன் அடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். நாய் குரைத்தால் ரொட்டியைப் போட்டு வாயை அடைப்பார். தன்னைச் சபித்தவர்கள் எல்லாம் குறட்டை விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாழ்க்கையில் வேறு சந்தோஷம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கல் தூசி மாதம்மாளின் நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே அவளைக் கொண்டுபோய்விட்டது. போகிறவரை பெரும்பாலான வருடங்களில் மாலை அவளுக்குத்தான். அதே தூசி கலியன் நெஞ்சிலும் இருந்தது. வாட்ச்மேன் வேலைக்குக்கூட இருமுகிற ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தீபாவின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தீபா ரஞ்சன்காவ் பக்கம் ஒரு கம்பெனியில் ப்ரிட்ஜ் கதவுக்கு ரப்பர் மாட்டுகிற வேலை பார்த்தாள். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே. வஸ்தியில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆள் அனுப்புகிறவன் ரவிசந்திரன். அவனும் இதே வஸ்திப் பிள்ளை, குவாரியில் சின்ன வயதில் கல் பொறுக்கியவன், அந்த முதல் ஒன்பதாம் தேதி கலியன் குடிசை வாசலில் சுருண்டு தூங்கியவன். படித்தான், நாலு இடம் பழகினான், லேபர் காண்ட்ராக்டர் ஆனான். விடிவதற்கு முன் அவனுடைய பஸ் வந்து ஹார்ன் அடிக்கும். முதல் ஹார்னுக்கு ஓடாவிட்டால் இரண்டாவது ஹார்ன் கிடையாது. இந்தப் பயத்தில் எதிர்வீட்டு ஜெபமணி கலியனிடம் அடிக்கடி வந்து நிற்பாள். கரண்ட் போய் செல்போனில் சார்ஜ் இல்லாமல் தூங்கிவிடுகிறோம், நீங்கள்தான் நாலு மணிக்கே முழித்துக்கொள்கிறீர்களே, அந்த இரும்பில் ரெண்டு தட்டுத் தட்டினால் என்ன என்று பாதி கேலியாக, பாதி நிஜமாகக் கேட்பாள். கலியனுக்கு முகம் சிவந்துவிடும். அது அடிக்கிற மணி இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

முந்தைய வருடங்களில் ஒன்பதாம் தேதி பஸ் வராது. பஸ் பஞ்சர் என்று ரவிசந்திரன் கம்பெனிக்கு ஏதாவது சொல்லிச் சமாளிப்பான். இந்த வருடமும் எட்டாம் தேதி சாயங்காலம் ஜிலேபிப் பொட்டலங்களோடு வந்தான். கலியன் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"ஒம்போதாந் தேதிதானே மாமா, நம்ம ஆளுங்கள நான் பாத்துக்கறேன்" என்றான்.

ரவிசந்திரன் எல்லோரிடமும், எல்லாவற்றுக்கும் பாத்துக்கறேன் என்றுதான் சொல்வான். அது அவனுக்கு வணக்கம் மாதிரி. இது கலியனுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் வேண்டியதைச் சொல்கிறவனை நம்பாமல் இருப்பது யாருக்குத்தான் முடிகிறது?

அன்று தீபா வீடு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. யாரோ வராததால் அவளையே அடுத்த ஷிஃப்டிலும் பாதி நேரம் நிறுத்தியிருந்தார்கள். செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே பாயில் சாய்ந்தாள். கலியன்தான் கழற்றினார். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே அவள் பேசினாள்.

"நாளைக்கு சுட்டி இல்லப்பா. கேட்ல முகம் பாக்கற கேமரா வெச்சுட்டாங்க. இனிமே ஒரு நாள் விட்டாக்கூட அதுவே பேர எடுத்துடும். நான் அலாரம் வெச்சிருக்கேன். எழுந்திரிக்கலேன்னா எழுப்பி விட்டுடுங்க."

லீவு கிடையாது என்று அவள் சொன்னது கலியனுக்கு நன்றாகவே கேட்டது. ம் என்றார். அந்த ம் பொய் என்று அவருக்கே அப்போது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாதம்மாளுக்கும் இப்படித்தான் வீங்கும்.

நாலு மணிக்கு வழக்கம்போலக் கண் திறந்தது. தீபா வாயைத் திறந்து, குழந்தையில் தூங்கியது மாதிரியே தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் செல்போன் இருந்தது. அலாரத்தை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. தலைத்துண்டை அவிழ்த்து அதில் போனைச் சுற்றி, மேலே போர்வையால் இன்னொரு சுற்றுச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது அது அடிக்க ஆரம்பித்தது. தாய்ப்பால் கேட்டு அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் ஓடினார். அது ஓயும்வரை அங்கேயே நின்றார். மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. ரவி பாத்துக்கறேன் என்றிருக்கிறானே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவள் தூங்கட்டும். அவர் செய்த தப்பு இவ்வளவுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது கதவுகள் திறக்கிற ஓசை கேட்டது. ஓசை என்றுகூடச் சொல்ல முடியாது. இருட்டில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று மெல்ல நடந்தார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. வேப்பமரத்தடியில் கலியன் இருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தைப் பார்க்காமல் கடந்துவிட நினைத்தார்கள். கலியனும் அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு காலடிகளை வைத்தே இன்னார் இன்னார் என்று தெரிந்தது. ஜெபமணியும் போனாள். அவர் முன்னால் ஒரு நொடி நின்றாள், பிறகு அவளும் போய்விட்டாள்.

பஸ் வந்து நின்றது. ஹார்ன் அடிக்கவில்லை. விளக்கைக்கூட அணைத்திருந்தார்கள். கதவைச் சாத்தினால் சத்தம் வரும் என்று அதைக் கையால் பிடித்தபடியே கிளம்பிப் போனார்கள். ஒன்பதாம் தேதிக்கு ரவிசந்திரன் செய்த மரியாதை அதுதான். ரவி பாத்துக்கறேன் என்றது இவ்வளவுதான் என்று கலியனுக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து ஓடிப் போய்ப் பெண்ணை உலுக்கலாம் என்று காலை ஊன்றினார். பஸ்ஸின் பின்விளக்கு அதற்குள் திருப்பத்தில் மறைந்துவிட்டது. மறுபடி உட்கார்ந்தார். போனது போகட்டும், இவளாவது தூங்குகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். 

வெயில் ஏறியது. வஸ்தியில் மிச்சம் இருந்தவர்கள் வேலைக்கு ஆகாத கிழடுகளும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகளும்தான். அவர்கள் எழுந்து வந்து, புளிச்சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, கலியன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் தீபா வெளியே வந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, தலையெல்லாம் கலைந்து. பிள்ளைகள் ஓ என்று ஓடி வந்து மாலையைப் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். தூக்கம் நிறைந்த, எதையும் யோசிக்காத சிரிப்பு. அப்படி மாதம்மாள் சிரித்துத்தான் கலியன் பார்த்திருக்கிறார். பிறகு அவள் நிமிர்ந்து வெயிலைப் பார்த்தாள்.

"பஸ்?" என்றாள்.

 கலியன் போர்வையைப் பிரித்துப் போனை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

ரவிசந்திரனுக்குக் கலியனே பேசினார். அவன் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டான்.

"பாத்துக்கறேன்னு சொன்னேன், பாத்துக்கிட்டேனே மாமா. ஹார்ன் அடிக்க வேணாம்னு டிரைவர்கிட்ட நாந்தான் சொன்னேன். கேட்ல முகத்தக் காட்டலேன்னா மிஷினே பேர எடுத்துடுது, நான் யார்கிட்டப் போயி கேக்கறது?"

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கொடுமை. அவனை முகாதம் என்று திட்டிவிட்டால் மனது ஆறும், ஆனால் முகாதமாக இருந்தால் ஆள்தான் தெரியுமே, கல்லை எடுத்தாவது எறியலாம். மிஷினை யார் திட்டுவது? ஒரு கேட்டில் நீக்கிய முகத்தை அந்தப் பகுதியில் வேறு கேட்டிலும் சேர்ப்பதில்லை என்று தீபா அலைந்து தெரிந்துகொண்டாள். மூன்றாம் நாள் ரவிசந்திரனே வழி சொன்னான். தூரத்தில் வேறொரு தொழிற்சாலை, உள்ளேயே தங்க வேண்டும். சேரும்போதே கையில் ஜாயினிங் போனஸ் கொடுப்பார்கள். இடையில் விட்டு வந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டும்வரை வெளியே விட மாட்டார்கள். போனை கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கலியன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உச்சலா என்று கேட்டார். இல்லப்பா போனஸ் என்றாள் தீபா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. அந்த இருமலுக்கு மருந்து வாங்கத்தான் அவள் போகிறாள் என்பது இருவருக்கும் தெரியும்.

கிளம்புகிற அன்று அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் மன்னிப்பு மாதிரி என்னவோ முணுமுணுத்தார்.

"விடுங்கப்பா. அந்த மாதிரி நான் எப்பவும் தூங்கினதே இல்ல" என்றாள் தீபா. உண்மையாகவே சொன்னாள். காய்ந்துபோன சாமந்தி மாலை கதவு ஆணியில் தொங்கியது. அதைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறினாள்.

அடுத்த நாள் ஜெபமணி வந்தாள். இந்தத் தடவை அவள் முகத்தில் கேலி இல்லை. கூடவே இன்னும் சிலர் வந்து தள்ளி நின்றார்கள். தீபாவுக்கு வந்த கதி எங்களுக்கும் வந்தால் பிள்ளைகள் என்ன ஆவது, பயத்தில் ராத்திரி கண்ணே மூடுவதில்லை, நீங்கள் எழுப்புவீர்கள் என்று தெரிந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவோம் அண்ணே என்றாள். கலியன் மரத்தில் தொங்கிய தண்டவாளத்தைத் திரும்பிப் பார்த்தார். அது அடிக்கிற மணி இல்லை என்று இப்போது எந்த வாயால் சொல்வது?

மறுநாள் நாலு மணிக்கு எழுந்தார். வெறும் பாய் ஒன்று பக்கத்தில் சுருட்டி வைத்திருந்தது. பழைய அடிகோலைக் குவாரிக் குட்டையில் எறிந்துவிட்டு வந்திருந்ததால் உடைந்த கடப்பாரைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.   எந்த இடத்தில் அடித்தால் சத்தம் தூரம் போகும் என்று கைக்கு நினைவிருந்தது. அடித்தார். வீடுகளில் விளக்குகள் எரிந்தன. வசவுக்காகக் காத்திருந்தார். கை அழுகிப் போக என்று ஒரு குரலாவது வரும் என்று எதிர்பார்த்து, பாதி ஆசையோடு நின்றார். வரவில்லை. கதவுகள் திறந்தன, ஆட்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். ஓடுகிறபோதே நல்லா இருப்பீங்க அண்ணே, நல்லா இருப்பீங்க மாமா என்று சொல்லிவிட்டு ஓடினார்கள்.

ஜெபமணி ஒரு டம்ளர் டீயை அவர் கையில் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தும் ஒரு நிமிடம் தயங்கி நின்றாள். கேட்காமல் போக அவளால் முடியவில்லை.

"வர்ற ஒம்போதாந் தேதியும் அடிப்பீங்களா அண்ணே?"

கலியன் டீயை ஒரு வாய் குடித்தார்.

"அன்னிக்கு மட்டும் மெதுவா அடிக்கறேன்" என்றார்.